டிவி பழுது என்று எழுதினேன்

கேபிள் செட்டாப் பாக்ஸுக்குள், மஞ்சள் ஏவி ஜாக்குக்குச் சற்று முன்னால், எட்டுக் கால் ஐசி ஒன்று இருக்கும். வீடியோ ஃபில்டரும் டிரைவரும் சேர்ந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎச்எஸ்7314 அந்த வகைதான். போர்டின் விலையைக் குறைக்கச் சொன்னபோது நான் முதலில் கை வைத்தது அதில்.

அதன் வேலை தெரியாமல் எடுக்கவில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் படிக்கட்டு போல வரும் சிக்னலை அது வழவழப்பாக்கும். 75 ஓம் இணைப்பில் பாதி வோல்டேஜ் போய்விடும் என்பதால் முன்கூட்டியே இரட்டிப்பாக்கும். படத்தை உருளாமல் பிடித்து வைக்கும் சிங்க் பல்ஸ் அடியில் நசுங்காதபடி சிக்னலைக் கொஞ்சம் தூக்கிவிடும். இத்தனையையும் ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு காயில், சில கெபாசிட்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்றேன். வெளியே போகும் கெபாசிட்டரையும் 470 மைக்ரோஃபாரடிலிருந்து 100 ஆக்கினேன்.

லேபில் கலர் பார் போட்டோம்; அழகாக வந்தது. ஆனால் கலர் பார் அசையாத படம், அதன் வெளிச்சம் மாறாது. இருட்டுக் காட்சி சட்டென்று வெள்ளையாகும்போதுதான் சிக்னல் கீழே சரியும், சிங்க் வெட்டுப்படும். அந்தச் சோதனையும் எனக்குத் தெரியும். சரக்கு அனுப்பும் தேதி நெருங்கியதால் செய்யாமல் கையெழுத்துப் போட்டேன்.

பாக்ஸ் போய்ச் சேர்ந்த பல வீடுகளில் இருந்தது, 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாக வந்த 14 இஞ்ச் பிக்சர் டியூப் டிவி. “வெள்ளை வேட்டி விளம்பரம் வந்தாலே படம் உருளுது சார்” என்றார் ஒரு கேபிள்காரர். கேட்டவுடனே காரணம் புரிந்துவிட்டது. இருந்தும் அறிக்கையில் “வாடிக்கையாளரின் டிவி பழுது” என்று எழுதினேன். டிசைன் திரும்பி வந்தால் என் பெயர் கெடும் என்ற பயம். அதை நம்பிய குடும்பங்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கெடாத டிவியைப் பிரித்து, கூலியும் கொடுத்தன. தினக்கூலி வாங்குகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். சர்க்யூட்டில் செய்த பிழையைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அந்த ஒரு வரியை முடியவில்லை.

அடுத்த போர்டில் ஐசியைத் திரும்ப வைத்தேன், காரணம் எழுதவில்லை. ஏற்கெனவே போன பாக்ஸுகளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அப்படி ஒன்று இன்னும் யார் வீட்டிலாவது ஓடிக்கொண்டிருந்தால், வெளிச்சமான காட்சியில் மட்டும் படம் உருண்டால், தயவுசெய்து டிவிக்குச் செலவு செய்யாதீர்கள். முதலில் வேறொரு பாக்ஸை மாட்டிப் பாருங்கள்.