சார்லியின் வயது

தை மாதத்து நடுச்சாமத்தில் லண்டன் தெருவில் ஒரு அலறல் கேட்கும். யாரையோ குத்திவிட்டார்கள் என்று நினைத்து, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் எழும்பி விளக்கைப் போடுவார்கள். அது சோடி தேடும் காலத்துச் சத்தம்; பெரும்பாலும் பெட்டை நரியுடையது. ஊரில் நரி ஊளையிடக் கேட்டவர்கள் இதை லேசில் நம்பமாட்டார்கள்.

காடு அழிந்ததால்தான் செந்நரி நகரத்துக்கு வந்தது என்பது பலருடைய எண்ணம். எனக்கென்னவோ, நகரம்தான் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது என்று படுகிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் லண்டனின் ஓரங்களில் இரட்டை வீடுகள் வரிசையாக எழும்பின. ஒவ்வொன்றுக்கும் பின்வளவு, புல்தரை, மூலையில் ஒரு மரக்கொட்டில். கொட்டிலுக்கு அடியில் குட்டி போடலாம். மழை பெய்தால் புல்லில் மண்புழு. 1930களிலேயே நரி குடியேறிவிட்டது, எங்களில் அநேகருக்கு விசா கிடைப்பதற்கு அரை நூற்றாண்டு முந்தி.

வடைக் கதை கேட்டு வளர்ந்த நாங்கள் நரியென்றால் தந்திரம் என்போம். நான் பார்த்த வரையில் அதன் கெட்டித்தனம், எதையும் வேண்டாம் என்று சொல்லாததுதான். எலி, புறா, விழுந்த ஆப்பிள், எறிந்த கோழி எலும்பு எல்லாம் சரி. 2011இல், கட்டி முடியாத ஷார்ட் கோபுரத்தின் 72ஆம் மாடியில் ஒரு நரி அகப்பட்டது. வேலையாட்கள் மிச்சம் விட்ட சாப்பாட்டில் சீவித்திருக்கிறது. கெட்ட பெயரும் வந்தது: குரொய்டன் பக்கம் பூனைகள் தலையில்லாமல் கிடக்க, கொலைகாரன் ஒருவன் திரிகிறான் என்று ஊரே நடுங்கியது. 2018இல் போலீஸ் முடிவுக்கு வந்தது: பூனைகள் காரில் அடிபட்டுச் செத்தவை, நரி கடித்தது அதற்குப் பிறகு.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, தான் சோறு வைக்கும் நரியைக் காட்டி, "எங்கள் சார்லி பத்து வருஷமாக வருகிறான்" என்பார். நகரத்து நரிகளில் பெரும்பாலானவை இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அநேகம் காரில் அடிபட்டுச் சாகின்றன. பிரிஸ்டலில் 1994இல் பரவிய சொறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போய்விட்டன. ஒன்று செத்தால் அந்த இடத்தை, இலையுதிர் காலத்தில் தாயை விட்டுப் பிரிந்த இன்னொரு இளசு பிடித்துக்கொள்கிறது. நரியைக் கொன்று குறைக்கப் பார்த்த நகரசபைகள் பிறகு கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அந்த அம்மா சோறு வைத்தது நாலைந்து சார்லிகளுக்காவது இருக்கும்.

எங்களுக்கு உள்ள தொல்லை வேறு. செருப்பை வாசலில் கழற்றுவது தமிழ் வீட்டு வழக்கம்தானே. வளரும் குட்டிகளுக்குச் செருப்பு நல்ல விளையாட்டுச் சாமான். போன ஆனியில் என் இடது கால் செருப்பு காணாமல் போனது. மறுநாள் அந்த அம்மா அதை வேலிக்கு மேலால் நீட்டினார்.

"சார்லிக்கு வயதாகியும் குறும்பு போகவில்லை" என்றார்.

"ஓம், வயதாகிவிட்டதுதான்" என்று வாங்கிக்கொண்டேன்.