வாலாஜாபாத் சாலையில் நின்றுவிடும் ஹெரால்டு

காஞ்சிபுரத்தில் ஒரிக்கை போகும் வழியில் இருக்கும் அந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் அடுக்கியிருக்கும் பழைய பேட்டரிகள்தான் அடையாளம். நான் போனபோது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு முகப்பு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்து நின்றது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி வரைந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய உடன்பிறப்பு அது. 1961 முதல் வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையிலிருந்து வந்தது. அதே 1961இல்தான் லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டது. டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் என்று எத்தனையோ வண்டிகளின் மின்சாமான்கள் அதன் சென்னைப் பாடி ஆலையில் தயாராயின.

வண்டிக்காரர் பட்டுக் கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு குறை. ஒன்று, பெட்ரோல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் திடீரென்று உச்சிக்குப் போய் நிற்கின்றன. இன்னொன்று, ஊருக்குள் நன்றாக ஓடும் வண்டி வாலாஜாபாத் சாலையில் சீரான வேகம் பிடித்ததும் வெட்டி வெட்டி இழுத்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. வேறு இடங்களில் காயில், பாயிண்ட், கண்டன்சர், பிளக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. குறை அப்படியே இருக்கிறது.

எலக்ட்ரீஷியனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளையார்பாளையத்துத் தறிக் குடும்பம். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் நெய்பவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். சிறுவயதில் அப்பாவின் தறியில் அந்த வேலை இவருடையது. அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. அதைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. இந்த வண்டியில் நெகட்டிவ்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“வண்டி நிக்கும்போது டேஷ்போர்டுல சார்ஜ் லைட் எரியுதா சார்?”

“எரியுதேப்பா. நல்லா செவப்பா எரியுது.”

“அப்போ சாவி சுவிட்ச் வரைக்கும் கரண்ட் ஒழுங்கா வருது. கோளாறு அதுக்கு அப்பால.”

அந்த ஒரு கேள்வியில் பாதி வண்டி கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. சார்ஜ் விளக்குக்கும் இக்னிஷன் காயிலுக்கும் மின்சாரம் சாவி வழியாகத்தான் போகிறது. விளக்கு எரிந்து இன்ஜின் மட்டும் சாகிறதென்றால் பேட்டரியையும் சாவியையும் சந்தேகிக்க வேண்டாம். இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றே என்று வண்டிக்காரர் நம்பியிருந்தார். இல்லை, வேறு வேறு என்றார் இவர். முள் இரண்டும் சேர்ந்து ஏறுவது இன்ஜினை நிறுத்தாது.

லூக்காஸ் வழி வயரிங்கில் நிறம்தான் வழிகாட்டி. பழுப்பு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேரே வருவது. வெள்ளை, சாவி திருப்பிய பின் உயிர் பெறுவது. பச்சை, ஃபியூஸைத் தாண்டி மீட்டருக்கும் வைப்பருக்கும் பிரேக் விளக்குக்கும் போவது. கறுப்பு, எர்த். பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டேங்க் மிதவைக்கு. நீலக் கோடு இன்ஜின் சூட்டுக்கு. இந்த வண்டியில் பாதி வழியில் யாரோ வீட்டுக்குப் போடும் சிவப்பு ஒயரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அப்படிச் செய்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. அடுத்து வருகிறவர் அந்த இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது.

டெஸ்ட் லேம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் சேரும் முனையில் ஊசியை வைத்தார். கடைப் பையன் விசிறியைப் பிடித்து இன்ஜினை மெல்லச் சுற்றினான். பாயிண்ட் திறந்தால் விளக்கு எரிந்தது, மூடினால் அணைந்தது. எல்லாம் சரி என்றுதான் நானும் நினைத்திருப்பேன். அவர் பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் நிலையில் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் குழாயைக் கழற்றி, துணியால் துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சினார். மூடிக்குள் பாயிண்ட் தட்டு லேசாகத் திரும்பியது. அணைந்திருந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது. மூச்சை விட்டார், அணைந்தது.

பாயிண்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் விரல் நீள ஒயர் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. வேக்கம் தட்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது வளைந்து நிமிர்கிறது. வருஷக்கணக்கில் வளைந்து, மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோயிருந்தன. தட்டு இருந்த இடத்தில் இருக்கும்வரை அறுந்த நுனிகள் தொட்டுக்கொண்டிருக்கும். ஐடிலிங்கில் அந்தக் குழாய்க்கு வேக்கம் வருவதில்லை, அதனால் எந்தக் கடை வாசலிலும் வண்டி ஒழுங்காகவே ஓடும். நெடுஞ்சாலையில் ஆக்ஸிலரேட்டரைப் பாதி அழுத்திச் சீராகப் போகும்போதுதான் தட்டு திரும்பும், நுனிகள் பிரியும். வண்டி நின்றதும் தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். திரும்ப ஸ்டார்ட் ஆகும்.

“பாவுல இழை அறுந்தா தறியையா சார் மாத்துவோம்?” என்றார் வண்டிக்காரரிடம்.

மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயராகத் தேடி எடுத்து, இரு முனையிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். தடித்த இழை ஒயர் போட்டால் சில மாதத்தில் திரும்ப முறியும்.

மீட்டர் வேலை சீக்கிரம் முடிந்தது. அந்த முட்கள் இரண்டும் சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகட்டால் நகர்பவை. அவற்றுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது. சின்னத் தகரப் பெட்டிபோன்ற ஸ்டெபிலைசர் அதை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரி 10 வோல்ட்டாக ஆக்கித் தருகிறது. அது வேலை செய்ய அதற்கு எர்த் வேண்டும். எர்த் என்பது அதைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகுதான். அங்கே துரு. துடிக்க வேண்டிய டெஸ்ட் லேம்ப் நிலையாக எரிந்ததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. பெட்டியின் உடலிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு ஒரு ஒயரைப் பிடித்தார். இரண்டு முள்ளும் அவசரமில்லாமல் இறங்கின. பெட்ரோல் முள் நிறைவுக்கு நன்றாகக் கீழே வந்து நின்றது. வண்டிக்காரர் டேங்க் நிறைய இருக்கிறது என்று நம்பியிருந்தார்.

வாலாஜாபாத் சாலையைப் பிடித்து ஒரகடம் வழியாகப் போனால் இந்த வண்டி பிறந்த வண்டலூர். ஒரகடத்தில் 2010இல் ரெனோவும் நிசானும் கூட்டாகத் திறந்த ஆலை இருக்கிறது. அங்கிருந்து வரும் கார்களின் கோளாறைக் கணினியை மாட்டிப் படிக்கிறார்கள். அந்த வசதி வந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் வேக்கம் குழாயை உறிஞ்சிப் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு நாம் என்ன கூலி கொடுக்கிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது. மாற்றிய சாமானுக்கு பில் கேட்டு வாங்கும் நாம், கண்டுபிடித்ததற்குத் தனியாகக் காசு கொடுத்துப் பழகவில்லை. இவரிடம் வந்த வேலையில் மாற்றியது ஒரு விரல் நீள ஒயர்.

“கழட்டின பழைய காயில் எங்க சார்?”

டிக்கியிலிருந்து வந்தது. மாட்டி, காயிலின் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, இன்ஜின் உலோகத்துக்கு அருகே பிடித்து, இன்ஜினைச் சுற்றவிட்டுப் பார்த்தார். நீலப்பொறி டப் டப்பென்று தாவியது. “இது நல்லாத்தான் இருக்கு. இதுவே ஓடட்டும், புதுசை ஸ்பேரா வச்சுக்குங்க” என்று முறுக்கிவிட்டார். கேட்ட கூலி அந்தப் புதுக் காயிலின் விலையில் பாதிகூட இல்லை. வண்டிக்காரர் காயில் விலையையே எண்ணிக் கொடுத்தார். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியனின் கையை அவர் விடவில்லை.