பக்கத்தில் உட்காருபவர்கள்

நான் படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட், டேலி, காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஓடுகிற வாழ்க்கை. இவ்வளவு கனமான விஷயத்தை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் கேள்வி நியாயம்தான். ஆனால் ஒரு எண் ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கணக்கு படிக்கிற பழக்கமோ என்னவோ... எண்கள்தான் எனக்கு மனதில் நிற்கும்.

அந்த எண் பூஜ்யம்.

எங்கள் வெலிங்டனிலிருந்து மலை இறங்கினால் மேட்டுப்பாளையம், அப்புறம் கோவை, அதையும் தாண்டினால் பொள்ளாச்சி. 2019 பிப்ரவரியில் அங்கிருந்து வெளியே வந்த பாலியல் வழக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. டிவியில் எல்லோரும் தண்டனையைப் பற்றியே பேசினார்கள். அரசு வழக்கறிஞர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. விசாரிக்கப்பட்ட 48 சாட்சிகளில் பிறழ் சாட்சி ஒருவர்கூட இல்லை. பூஜ்யம்!

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை ஒரு போலீஸ் அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் சொல்லிவிட்டார். அரசாணையிலும் பெயர் வந்துவிட்டது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. இப்படி நடந்த பிறகு வேறு எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? ஆனாலும் எட்டுப் பெண்கள் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார்கள். ஆறு வருஷம் காத்திருந்து சொன்னார்கள்.

முதல் மரியாதை அந்தப் பெண்களுக்குத்தான். ஆனால் ஆறு வருஷம் ஒருவர் தனியாக நின்று தாங்குவது நடக்கிற காரியமா? இப்படி ஒவ்வொரு வழக்கிலும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் லைனில் ஒரு அக்கா இருக்கிறார். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு கீழே சமவெளியில் ஒரு மாவட்டத்தில் கவுன்சிலராக வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். கேஸ் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. நானும் கேட்க மாட்டேன். ஆனால் அவர் பையில் என்னென்ன இருக்கிறது என்று ஒருநாள் பார்த்தேன். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சானிட்டரி நாப்கின், கலர் பென்சில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"செருப்பு எதுக்குக்கா?"

"சில பேர் வீட்டை விட்டு வெறுங்காலோட ஓடி வருவாங்க. அவங்ககிட்ட முதல்ல கேஸ் பத்திக் கேக்கக் கூடாது. செருப்பு குடுக்கணும். அப்புறம் டீ."

இவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு நானாகவே இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1972இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு ஆன் பர்ஜெஸ் என்ற நர்சிங் பேராசிரியையும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும் போனார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளாகி அவசர சிகிச்சைக்கு யார் வந்தாலும், நடுராத்திரி என்றாலும், இவர்களுக்கு போன் வரும். உடனே கிளம்பிப் போவார்கள். ஒரு வருஷத்தில் 146 பேர். அவர்களோடு பேசி, தொடர்ந்து கவனித்து, 1974இல் கட்டுரை எழுதினார்கள். சிலர் அழுவார்கள், சிலர் கல் மாதிரி அமைதியாக இருப்பார்கள், இரண்டுமே அதிர்ச்சிதான் என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். "அழவே இல்லையே, அப்போ பொய் சொல்றாளோ?" என்று நம்ம ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள் பாருங்கள், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த வேலைக்கு இடம் இருக்கிறது. 2012 போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை வாங்க போலீஸ் யூனிஃபார்மில் வரக்கூடாது. குழந்தையை ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் குழு ஒரு 'ஆதரவு நபரை' நியமிக்கலாம். கோர்ட் என்றால் என்ன, எங்கே உட்கார வேண்டும், யார் என்ன கேட்பார்கள் என்று சொல்லிக்கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவது, கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரிவிப்பது எல்லாம் அவர் வேலை. என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அந்தக் கோடு ரொம்ப முக்கியம்.

2022இல் உத்தரப் பிரதேசம் லலித்பூரில், புகார் சொல்லப் போன 13 வயதுச் சிறுமியை ஸ்டேஷன் அதிகாரியே சீரழித்ததாக வழக்கு. அது சம்பந்தமான மனுவில்தான் 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆதரவு நபர் என்பது ஒப்புக்குச் செய்யும் நியமனம் கிடையாது, அவர்களுக்குத் தகுதியும் பயிற்சியும் முறையான சம்பளமும் வேண்டும் என்று சொன்னது.

சரி, சம்பளம் என்றதும் காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது :)

2020 போக்சோ விதிகளில் ஒரு வரி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர், சிறப்பு ஆசிரியர், ஆதரவு நபர் ஆகியோருக்கான கட்டணம், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஒரு தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்குச் சொன்ன தொகைக்குக் குறையக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பேசவே பயப்படும் ஒரு குழந்தையை மாதக்கணக்கில் பக்குவமாகக் கோர்ட் வரை கூட்டிவரும் வேலைக்குச் சட்டம் போட்ட தரைமட்டம், தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி. தரையைக் கூரையாக மாற்றுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். 2015 ஏப்ரலில் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் சிகிச்சை, போலீஸ் உதவி, சட்ட உதவி, கவுன்சிலிங், தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள். பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியது வருஷக்கணக்கில் மாறாத ஒரே முகம். ஒப்பந்தமோ புதுப்பித்தால்தான் உண்டு. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

எங்கள் நீலகிரியில் இன்னும் இரண்டு சிக்கல் சேர்ந்துகொள்ளும். ஒன்று தூரம். கூடலூரிலிருந்து ஊட்டி கோர்ட்டுக்கு 50 கிலோமீட்டர், அதுவும் மலைப்பாதை பஸ். தேயிலைத் தோட்டத்தில் நாள்கூலிக்கு இலை பறிக்கும் அம்மா, மகளுக்காக ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. வாய்தா போட்டால் இன்னொரு நாளும் போச்சு. சாட்சிகள் பிறழ மிரட்டலும் பணமும் மட்டும் காரணமில்லை, சலிப்பும் ஒரு காரணம். இன்னொன்று மொழி. இந்தச் சின்ன மாவட்டத்தில் தமிழ், படுகு, மலையாளம், கன்னடம், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் மொழிகள் எல்லாம் உண்டு. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வருகிறார்கள். ஒரு பணியர் வீட்டுக் குழந்தைக்கு நடந்ததை அதன் மொழியிலேயே கேட்டு, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்ல ஆள் வேண்டாமா? அவரும் இந்தப் பட்டியலில் சேர வேண்டிய தொழில்முறையாளர்தான்.

கேட்பவர்களுக்கும் காயம் உண்டு. மற்றவர்களின் வலியை நாள் முழுக்கக் கேட்டால் அது கேட்பவரின் தூக்கத்திலும் நம்பிக்கையிலும் புகுந்துவிடும் என்று 1990இலேயே மனநல ஆய்வாளர்கள் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். தனியாக விடாமல் மூத்தவர் ஒருவர் வழிகாட்டுவது, கேஸ் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு, கட்டாய விடுமுறை, பேச ஒரு ஆள்... இதெல்லாம் இருந்தால்தான் நல்லவர்கள் இந்த வேலையில் நிலைப்பார்கள். அந்த அக்கா ஊருக்கு வந்தால் முதல் நாள் முழுக்கப் பேசாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அவங்க அம்மா "ஏன் இப்படி உம்முனு இருக்கே, கல்யாணத்தைப் பத்திப் பேசலாமா" என்று ஆரம்பிப்பார். எனக்குப் பாவமாக இருக்கும்.

கிளாஸ்மேட்களுக்கு ஒரு விஷயம். இது சோஷியல் வொர்க் படிப்பவர்கள் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும், எஸ்டேட் உட்பட. கம்பெனிகள் அந்தக் குழுவை அமைத்தோமா என்று இயக்குநர் அறிக்கையில் சொல்ல வேண்டும் என 2018இல் விதி வந்தது. 2025 ஜூலையிலிருந்து எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி நிற்பது எத்தனை என்றும் போட வேண்டும். நாளைக்கு அந்த அறிக்கையைத் தயாரிப்பதும் சரிபார்ப்பதும் நாம்தான். "புகார்: இல்லை" என்று ஒரு கம்பெனி எழுதியிருந்தால், அங்கே பிரச்சினையே இல்லையா, அல்லது புகார் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லையா என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். எல்லாப் பூஜ்யமும் ஒன்றல்ல. கோவை கோர்ட்டில் வந்த பூஜ்யத்துக்குப் பின்னால் ஆறு வருஷ உழைப்பு இருந்தது. இந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் வெறும் பயம்கூட இருக்கலாம்.

யாராவது உங்களிடம் வந்து சொன்னால் "ஏன் அங்கே போனே" என்று மட்டும் கேட்காதீர்கள். நம்புங்கள். அவர் சம்மதம் இல்லாமல் யாரிடமும், வாட்ஸ்அப் குரூப்பில்கூட, சொல்லாதீர்கள். குழந்தை என்றால் மட்டும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம். குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181, அவசரம் என்றால் 112, இலவச சட்ட உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416. போனில் இப்போதே ஏற்றி வையுங்கள்.

அடுத்த வாரம் இன்டர்னல்ஸ். அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இந்த வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால்... ரொம்ப நன்றிங்க. உங்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரட்டும்.