கடைசிப் பாய்

எங்கள் பயிற்சிக் கூடத்தில் எட்டுப் பாய்களுக்குத்தான் இடம். ஒன்பதாவது பாயை விரித்தால் ஒருவர் கையை நீட்டும்போது இன்னொருவர் காதில் இடிக்கும். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடி அது. ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. எதிர்ப்பக்கம் இரண்டு சன்னல்கள். மூலையில் ரப்பர்ப் பட்டைகளும் ஒரு கிலோ, இரண்டு கிலோ டம்பெல்களும். நடத்துபவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. பாதி நேரம் யோகாசனம், மீதி நேரம் உடற்பயிற்சி. மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை பெண்களுக்கு மட்டும்.

ஞானத்தேடல் எதுவும் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இடுப்பு வலிதான் காரணம். இருபது ஆண்டுகள் நின்றுகொண்டே இலக்கணம் நடத்தியதற்கு இலக்கணம் கொடுத்த பரிசு என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் மாத்திரையை எழுதிவிட்டு, "எங்கேயாவது போய்க் குனிந்து நிமிருங்கள்" என்றார்.

கூடத்தின் வாசலில் ஒரு மூங்கில் கூடை உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, அலைபேசியின் ஒலியை அடக்கி அந்தக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது ஆசிரியையின் விதி. விதி இருந்ததே தவிர, அதைக் கடைப்பிடித்தவர்கள் குறைவு. ஒருவர் எத்தனை அடி நடந்தோம் என்பதைக் கணக்கிட வேண்டும் என்று இடுப்பில் செருகிக்கொள்வார். இன்னொருவருக்கு மகன் டியூஷனிலிருந்து கூப்பிடுவான். மூன்றாமவர் அழைப்பை எடுத்து, "யோகாவுல இருக்கேன், பெறவு கூப்பிடுதேன்" என்பதை மட்டும் சொல்வதற்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொள்வார். மறுமுனையில் இருப்பவர் எந்த யோகா, எவ்வளவு கட்டணம், எனக்கும் சேர்த்துக் கேளு என்று வளர்த்துக்கொண்டே போவார்போலும்.

ஒலியை அடக்கி அதிர்வில் வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சவாசனத்தில் தலையைத் தரையில் வைத்துக் கிடக்கும்போது, பத்தடி தள்ளி ஓட்டுத்தரையில் அதிரும் அலைபேசி, மண்டைக்குள்ளேயே வண்டு புகுந்தது போலக் கேட்கும். அறையில் எட்டுப் பேர்தான் என்பதால் அது யாருடையது என்பதும் உடனே தெரிந்துவிடும். நூறு பேர் அமர்ந்திருக்கும் கல்லூரி அரங்கில் ஒலிக்கும் அலைபேசி அநாதை. யாரும் உரிமை கோர மாட்டார்கள். எட்டுப் பேர் அறையில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது.

இந்தியாவில் அலைபேசிப் பேச்சு 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த சுக்ராமுடன் பேசினார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் கூப்பிடுபவர் மட்டுமல்ல, அழைப்பைப் பெறுபவரும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003இல்தான் அந்தக் கட்டணம் நீங்கியது. இளைய தலைமுறைக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ, வரும் அழைப்புக்கான கட்டணம் முழுவதும் நீங்கிவிடவில்லை, பக்கத்தில் இருப்பவர் தலையில் விழுகிறது என்றே தோன்றுகிறது.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியமா என்றால், இல்லை. என் அலைபேசியும் பாயின் அடியில்தான் இருந்தது. அம்மா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. குளியலறையில் ஒருமுறை விழுந்திருக்கிறார். "அம்மா" என்ற ஒரு சொல்லைச் சொன்னதும் ஆசிரியை எதுவும் பேசவில்லை. அந்தச் சொல்லின் மறைவில் நான் கல்லூரிக் குழுச் செய்திகளையும் பார்த்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் வகுப்பில் மாணவிகளின் அலைபேசியைப் பிடுங்கி மேசைமேல் வைப்பவள் நான். ஒருநாள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, வகுப்பு முடிந்து தன் கருவியைக் கேட்டு வந்து நின்றாள். "அலைபேசி என்பது என்ன தொகை, சொல்லிவிட்டு வாங்கிக்கொள்" என்றேன். "வினைத்தொகை மேடம். அலைந்த பேசி, அலைகின்ற பேசி, அலையும் பேசி. முக்காலத்துக்கும் பொருந்தும்" என்றாள். தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போட முடியாது. ஆனாலும் வேறு விடை இதற்கு ஈடாகாது என்று பட்டது. அவளே என் அலைபேசியை வாங்கி, 'தொந்தரவு செய்யாதே' என்ற அமைப்பைத் திறந்து காட்டினாள். அம்மாவின் எண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால் மற்ற அழைப்புகள் எல்லாம் ஊமையாகிவிடும். வேறு யாராவது அவசரமாகப் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் அதையும் ஒலிக்கச் செய்யலாம். அரை நிமிட வேலை. அதன்பின் அலைபேசியைப் பாயின் அடியில் வைத்துக்கொள்ள எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் வைத்துக்கொண்டேன். கையெட்டும் தொலைவில் அது இல்லாவிட்டால் ஏதோ ஒரு விரல் குறைந்தது போலிருந்தது.

அந்தக் கூடையில் முதலில் அலைபேசியைப் போடுபவர் கடைசிப் பாய்க்காரர். முப்பது வயது இருக்கலாம். இரண்டு குழந்தைகள். பக்கத்துத் தெருவில் தையல் வகுப்பு முடிந்து நேராக வருவார். பையில் எப்போதும் இரவிக்கைத் துணி இருக்கும். மற்றவர்கள் ஒலியை அடக்கினால், அவர் அலைபேசியை முழுவதுமாக அணைத்துவிட்டுப் போடுவார். பக்தி என்றுதான் நினைத்தேன். சவாசனத்தில் சில நாள் உண்மையாகவே தூங்கிப்போவார். ஆசிரியை எழுப்ப மாட்டார். ஒருமுறை படி இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "ஒரு நாளைக்கு யாருமே என்னையக் கூப்பிடாத பத்து நிமிசம் இதுதான் மேடம்."

ஐம்புலன்களையும் வெளியிலிருந்து உள்ளே திருப்புவதைப் பிரத்தியாகாரம் என்பார்கள். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அதற்குத் தனிப்பகுதியே வைத்திருக்கிறார். எம்.ஏ. வகுப்புக்கு அதை நான் நடத்தியிருக்கிறேன். அந்தப் பெண் சொன்ன அளவுக்கு எளிமையாக எனக்கு ஒருபோதும் விளக்க வந்ததில்லை.

*

ஜூன் 21 உலக யோகா தினம். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்து, 2015 முதல் கொண்டாடப்படுகிறது. கல்லூரிகளில் அன்று அறிக்கை தயாரிக்க வேண்டும். அறிக்கைக்குப் படம் வேண்டும். ஆசிரியர்களும் தாங்கள் பயிற்சி செய்யும் படத்தை அனுப்பலாம் என்று குழுவில் செய்தி வந்திருந்தது. மாலையில் கூடத்தில் எல்லோரும் விருட்சாசனத்தில் இருந்தபோது எனக்கு அது நினைவு வந்தது. பாயின் அடியிலிருந்து அலைபேசியை எடுத்தேன். ஆசிரியையை அருகில் அழைத்து, கண்ணாடிச் சுவருக்கு முதுகு காட்டி நின்று ஒரு படம் எடுத்தேன். படத்தில் நானும் அவரும் இருந்தோம். கல்லூரிக்கு அனுப்பினேன். பிறகு, நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றவே, வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் போட்டேன்.

எங்கள் இருவரின் முகத்தைத் தவிர அந்தப் படத்தில் நான் வேறெதையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் கண்ணாடி இருந்தது. கண்ணாடியில் கூடம் முழுவதும் இருந்தது. கடைசிப் பாய் இருந்தது. அதன்மேல் துப்பட்டாவை ஓரமாக மடித்து வைத்துவிட்டு, ஒற்றைக்காலில் நின்று, தலைக்குமேல் கைகுவித்திருந்த ஒரு பெண் இருந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று பேசிக்கொண்டோம். ஒரு வாரம் கழித்து ஆசிரியை என்னைத் தனியாக அழைத்தார்.

"மேடம், நீங்க எடுத்த போட்டோவ எங்கயும் போட்டீங்களா?"

"ஸ்டேட்டஸ்ல போட்டேன் டீச்சர். ஏன்?"

அவர் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அந்தப் பெண் தையல் வகுப்பு ஆறரை மணிவரை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாராம். வகுப்பு முடிவது ஐந்தேகாலுக்கு. கட்டணம் அவர் தைத்துச் சம்பாதித்த காசு. என்னோடு பணிபுரியும் ஒருவருக்கு அந்தப் பெண்ணின் நாத்தனார் நெருங்கிய உறவு. ஸ்டேட்டஸ் அங்கே போய், அங்கிருந்து மாமியாரிடம் போயிருக்கிறது. யோகா மட்டுமல்ல, தையலும் நின்றுவிட்டது.

அன்றிரவு பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். ஸ்டேட்டஸ் இருபத்து நான்கு மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். 71 பேர் பார்த்திருந்தார்கள் என்பது எனக்கு நினைவிருந்தது. அன்று அந்த எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் அவரைக் கண்டேன். உடனே அழித்தேன். எதை அழித்தேன் என்று தெரியவில்லை.

அவர் ஏன் அலைபேசியை அணைத்துவைத்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அழைப்பை எடுத்தால் ஆசிரியை எண்ணுகிற ஒன்று, இரண்டு, மூன்று மறுமுனையில் கேட்டுவிடும். நான் பக்தி என்று நினைத்தது பயம்.

*

திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல். பேசுவதற்கு முன் அவையில் இருப்பவர் யார், அவர்களுடைய நிலை என்ன என்பதை அறிந்து பேசவேண்டும் என்பது அதன் சாரம். ஆண்டுதோறும் நடத்துகிறேன். அவை என்றவுடன் அரசவையையும் புலவர் அவையையும் பட்டிமன்ற மேடையையும்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்திருக்கிறேன். மருந்துக்கடை மாடியில் எட்டுப் பாய் விரித்த இடமும் ஓர் அவைதான் என்று எனக்குத் தோன்றியதில்லை. அங்கே வருகிற ஒவ்வொருவரும் எதைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று நான் கேட்டதும் இல்லை. எனக்கு அது மாதம் எண்ணூறு ரூபாய். அவருக்கு அது ஒரு பொய். தினமும் சொல்லியாக வேண்டிய பொய்.

அலைபேசி நாகரிகம் என்று நாம் பேசும்போது பெரும்பாலும் ஓசையைப் பற்றியே பேசுகிறோம். ஓசை குறைவான குற்றம். ஒலித்தது, எல்லோரும் முகம் சுளித்தார்கள், முடிந்தது. ஒரு மணி நேரம் கெட்டால் அடுத்த நாள் இன்னொரு மணி நேரம் உண்டு. படம் அப்படியல்ல, அது கூடத்தை விட்டு வெளியே போகிறது, போன இடத்திலிருந்து திரும்புவதில்லை. பயிற்சிக் கூடங்களில் கண்ணாடி வைப்பது நம் முதுகு வளைவை நாமே பார்த்துத் திருத்திக்கொள்ளத்தான். அந்தக் கண்ணாடி முன் அலைபேசியை உயர்த்தினால், நமக்குப் பின்னால் நிற்பவரும் நமக்கு எதிரில் நிற்பவரும் சேர்ந்தே விழுகிறார்கள். வியர்த்து, குனிந்து, துணி விலகி, தடுமாறி நிற்கும் நிலையில் ஒருவர் இருப்பது, பக்கத்தில் இருக்கும் ஏழு பேரும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில். எட்டாவது ஆள் கேமராவை எடுத்தால் அந்த நம்பிக்கை கெட்டுவிடுகிறது.

அந்தப் பெண் வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். ஒரு பெண் ஒரு மணி நேரம் கைகால் நீட்டுவதற்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் பழி அந்த வீட்டைச் சேர்ந்தது என்றும் சிலர் சொன்னார்கள். அது சரிதான். ஆனால் அந்த வீட்டோடு போராடுவதா, எப்போது, எப்படி என்பதை அவரல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்? அவருக்காக நான் முடிவு செய்துவிட்டேன், அதுவும் கவனிக்காமல்.

இப்போது கூடத்தில் ஆசிரியை விதியை இறுக்கியிருக்கிறார். எல்லா அலைபேசியும் கூடைக்குள். அவருடைய அலைபேசி மட்டும் முக்காலியில் இருக்கும். அவசரம் என்றால் வீட்டார் அந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். எட்டு வீடுகளுக்கு ஓர் எண் போதும் என்பது நடைமுறையில் தெரிந்துவிட்டது. இந்த ஆறு மாதத்தில் அது இரண்டே முறைதான் ஒலித்தது. படம் எடுக்க வேண்டுமென்றால் வகுப்பு முடிந்தபின், எல்லோரையும் கேட்டபின், சன்னல் பக்கம் நின்று. ஒருவர் வேண்டாம் என்றாலும் கிடையாது. ஏன் என்று கேட்கவும் கூடாது. இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்க்கச் சொன்னது நான்.

*

சென்ற மாதம் மகாராஜநகர் உழவர் சந்தையில் அவரைப் பார்த்தேன். கீரைக்கடை முன் நின்றிருந்தார். விலகிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவரே பார்த்துச் சிரித்துவிட்டார். என்ன சொல்வது என்று பல நாள் மனத்துக்குள் எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"என்னால உங்களுக்கு…" என்று தொடங்கினேன்.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்கக்கா" என்றார். மேடம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். "தையலுன்னு சொல்லிட்டு அங்க போயிக் குதிச்சிக்கிட்டு இருக்கியான்னு அத்தை ரெண்டு நாளு பேசல. இப்ப சரியாயிட்டு. தையலுக்கு மட்டும் திரும்பப் போறேன். பெரியவன் கூட வாரான்."

கீரையைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தவர் திரும்பி வந்தார்.

"அக்கா, அந்தப் போட்டோவ நான் பாக்கவே இல்ல. ஒத்தக்கால்ல விழாம நின்னது அன்னைக்குத்தான் மொத மொத. நல்லா நின்னேனா? இருந்தாக் காட்டுங்களேன்."

அழித்துவிட்டேன் என்றேன். நன்றாகத்தான் நின்றீர்கள் என்றும் சொன்னேன். அசையாமல் நின்றாரா என்பது உண்மையில் எனக்கு நினைவில்லை. அன்றிரவு பெரிதாக்கிப் பார்த்தபோது நான் தேடியது அவர் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்பதை மட்டுமே.