மீன் மேல விழுந்த பழி

ஒரு ஆளைக் கேவலமா திட்டணும்னா தமிழ்ல ‘சொறிநாய்’ங்கிற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை மனுஷனைவிட நாய்க்குத்தான் அதிகக் கெடுதல் பண்ணுது. ஒரு குட்டிக்கு முடி கொட்டி, தோல் சிவந்து போச்சுன்னா ஊர் அதுக்கு அந்தப் பேரை வச்சிடும். பேர் வச்ச பிறகு, என்ன நோவுன்னு யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்லை.

எங்க குட்டி மார்கழியில வந்தது. செவலை நிறம், சாதாரண நாட்டு நாய். காரைக்கால்மேட்டுல நாய் வளர்க்கப் பெரிய செலவு கிடையாது. கரையில வலை உதறும்போது விழுற பொடிமீன், வீட்டுக்கு வீடு மீன் ஆயும்போது கிடைக்கிற தலை, குடல், கூடவே கோழிக்கடையில சும்மா கொடுக்கிற கால்களும் தலையும். இதுலயே வளர்ந்திடும். மாசி வரைக்கும் நல்லாத்தான் வளர்ந்துச்சு. அதுக்கப்புறம் ராத்திரி பூரா சொறியற சத்தம். வாலடியில முடி போச்சு. காது உள்பக்கம் சிவந்து நாத்தம் அடிச்சுது. முன்னங்கால் பாதத்தை நக்கி நக்கியே புண்ணாக்கிடுச்சு.

வைத்தியம் சொல்ல ஊர்ல பஞ்சமே இல்ல. “வண்டியில வடிச்ச கழிவு ஆயிலைப் பூசுங்க மாமா, மூணே நாள்தான்”னு மெக்கானிக் கடைப் பையன் சொன்னான். மாட்டுக்குப் போடுற ஊசியில கொஞ்சம் போட்டுடச் சொன்னார் இன்னொருத்தர். அடுத்த வீட்டு அத்தாச்சி, “மீனு சூடு தம்பி, அதை நிறுத்து முதல்ல”ன்னாங்க. அப்பா சொன்னதுதான் நெஞ்சுல தைச்சுது. “தங்கச்சி கைப்பிள்ளையோட வந்திருக்கா. துறைமுகத்துல கொண்டு போய் விட்டுட்டு வா. அங்க மீன் கிடைக்கும், பொழைச்சுக்கும்.”

அப்பா பயந்ததுல தப்பில்ல. சில வகைச் சொறி மனுஷங்களுக்கும் ஒட்டும். ஆனா இது அந்த வகைதானான்னு தெரியாம ஒரு உயிரை வெளியே தள்ள முடியுமா? ஒரு முடிவு தெரியுற வரைக்கும் வயல் கொட்டகையில கட்டி வைக்கிறேன்னு சொல்லிட்டேன்.

வயலை வச்சே சொல்றேன். நெல்லு மஞ்சளாச்சுன்னா துத்தநாகச் சத்து குறைஞ்சிருக்கலாம், தண்ணி தேங்கி வேர் கெட்டிருக்கலாம், கடற்கரை நிலமாச்சே, உப்பு ஏறியிருக்கலாம். பார்வைக்கு எல்லாம் மஞ்சள்தான். கடைக்காரர் மூணு டப்பாவைக் கொடுத்து ஒண்ணாக் கலந்து அடிக்கச் சொல்வார். பயிர் தேறினாலும் எதனால தேறுச்சுன்னு தெரியாது. அடுத்த பருவமும் மூணு டப்பா வாங்கணும். நாய்த் தோலும் அப்படித்தான். பத்து காரணம் இருந்தாலும் வெளியே தெரியறது ஒரே அரிப்பு.

கால்நடை டாக்டரம்மா முதல்ல எந்த மருந்தும் எழுதல. பிளேடால தோலை லேசா ரத்தம் கசியற அளவுக்குச் சுரண்டி, கண்ணாடித் துண்டுல தடவி மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க. சொறி உண்டாக்குற கண்ணுக்குத் தெரியாத பூச்சி ரெண்டு வகையாம். டெமோடெக்ஸ்ங்கிறது பிறந்த சில நாள்லயே தாய்கிட்டேருந்து குட்டிக்கு வர்றது. மனுஷங்களுக்கு ஒட்டாது. குட்டிக்கு உடம்புல தெம்பு குறைஞ்சா பெருகும். சார்கோப்டிஸ்தான் ஒட்டுற வகை. அதுகூட மனுஷத் தோல்ல கொஞ்ச நாள் அரிப்பு கொடுக்குமே தவிர அங்க குடும்பம் நடத்தாது. எங்க குட்டிகிட்ட ரெண்டுமே சிக்கல. ஆனா சார்கோப்டிஸ் பல தடவை சுரண்டல்ல அகப்படாதாம். அதனால அதுக்கும் தெள்ளுக்கும் சேர்த்து வேலை செய்யற ஒரு மாத்திரையை எடை பார்த்துக் கொடுத்தாங்க. காதுல கிருமி சேர்ந்திருந்ததால சொட்டு மருந்து தனியா.

தெள்ளு இருக்கான்னு பார்க்க அவங்க சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நாயோட வாலடியைச் சீப்பால வாரி, வர்ற கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில போடணும். மண்ணா இருந்தா கருப்பாவே இருக்கும். செம்பழுப்பாக் கரைஞ்சா அது தெள்ளோட கழிவு, அதாவது செரிச்ச ரத்தம். எங்க துணி சிவந்துச்சு. தெள்ளோட எச்சில் ஒத்துக்காத நாய்க்கு நாலஞ்சு கடியே போதுமாம், வாலடி பூரா முடி போயிடும். நாய் மேல நாம பார்க்கிற தெள்ளு மொத்தத்துல 100க்கு 5 பங்குதான். மீதி முட்டையாவும் புழுவாவும் கூட்டுப்புழுவாவும் சாக்குலயும் மண்தரையிலயும் கிடக்கும். வீட்டுல அது படுத்த சாக்கை எரிச்சேன், திண்ணையைத் தினமும் கூட்டினோம், துணியெல்லாம் கொதிதண்ணியில போட்டோம். ஒரு மாசத்துல வாலடியில புதுசா முடி முளைச்சுது. வீட்டுல யாருக்கும் அரிப்பு இல்ல. அப்பா முகமும் தெளிஞ்சுது, குட்டி திண்ணைக்குத் திரும்பி வந்துச்சு.

ஆனா காதும் பாதமும் அடங்கல. கிருமி போன பிறகும் சொறிஞ்சுது. அப்பத்தான் சாப்பாட்டு அலர்ஜியான்னு பார்க்கலாம்னாங்க. அதுக்கு நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாதாம். ஒரே வழி, இதுவரைக்கும் தின்னாத ஒரு கறியும் சோறும் மட்டும் எட்டு வாரம் கொடுக்கணும். இடையில வேற ஒரு துண்டு உள்ளே போனாலும் கணக்கு கெட்டுடும். ஆட்டு நுரையீரலும் சோறும், வளர்ற குட்டிங்கிறதால கால்சியம் மருந்தும்னு முடிவாச்சு.

மீன்பிடி ஊர்ல எட்டு வாரம் ஒரு நாயை மீன் தின்னாம வைக்கிறது லேசுப்பட்ட காரியமா? இங்கதான் காலண்டர் கை கொடுத்துச்சு. கிழக்குக் கரையில ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எட்டு வாரம்னா 56 நாள். தடையோடவே சோதனையைத் தொடங்கினோம். சின்னப் படகுல வர்ற மீனும் கருவாடும் அப்பவும் உண்டே! அதுக்காகக் குட்டி கழுத்துல ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். “சிவப்புத் துணிக்கு எதுவும் போடாதீங்க.” பிள்ளைகள் அதைக் காவல் காக்கிற விளையாட்டாவே ஆக்கிட்டாங்க.

ஆறாவது வாரம் பாதத்தை நக்குறது நின்னுச்சு. எட்டாவது வாரம் காது வெளுத்து, நாத்தம் போச்சு. மீன்தான் குற்றவாளின்னு தெருவே தீர்ப்பு எழுதிடுச்சு. டாக்டரம்மா மட்டும், “நிறுத்தினதுல பாதிதான் சோதனை. ஒவ்வொண்ணா திருப்பிக் கொடுத்துப் பார்த்தாத்தான் மீதி”ன்னாங்க. தடை முடிஞ்சு படகு வந்ததும் முதல்ல மத்தியை வேகவச்சு, முள்ளெடுத்துக் கொடுத்தேன். ரெண்டு வாரம், ஒண்ணும் ஆகல. அடுத்து கோழி. மூணாவது நாளே காதைத் தரையில தேய்க்க ஆரம்பிச்சிடுச்சு.

2016ல வெளியான ஒரு தொகுப்பாய்வுல சாப்பாட்டு அலர்ஜி உறுதியான 297 நாய்களைக் கணக்கெடுத்திருக்காங்க. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள் 17, கோழி 15, கோதுமை 13. மீன் வெறும் 2. இத்தனை நாளா ‘சூடு’ன்னு பேர் வாங்கின மீன் பட்டியல்ல கடைசியில நிக்குது.

சென்னையிலயும் பெங்களூருலயும் நாய் வளர்க்கிற உங்களுக்கு இதுல வேலை இருக்கு. ‘ஆட்டுக்கறி’ன்னு அட்டையில போட்ட பாக்கெட்டுக்குப் பின்னாடி பொடி எழுத்துல கோழியும் இருக்கும். மென்னு தின்கிற சத்து மாத்திரையில கூட கோழி வாசனை சேர்ப்பாங்க. சோதனை நடக்கிறப்ப பிஸ்கட்டும் பாலும் கூடாது. கழிவு ஆயிலும் மண்ணெண்ணெயும் தோலைப் பொசுக்கும். நாய் அதை நக்கி உள்ளேயும் இறக்கிடும். மாட்டு உண்ணிக்கு வச்சிருக்கிற மருந்தைக் குத்துமதிப்பா கலந்து ஊத்துறதும் அதே ஆபத்து. மாட்டு ஊசியில இருக்கிற ஐவர்மெக்டின் ஜப்பான்ல ஒரு பிடி மண்ணுல கிடைச்ச நுண்ணுயிர்லேருந்து வந்தது, 2015ல நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த நல்ல மருந்து. ஆனா கோலி வகை நாய்கள் பலதுக்கு அதிக அளவு போனா மூளையைப் பாதிக்கும். நாட்டு நாய்க்கும் அளவு எடை பார்த்துத்தான். அதோட, அது பூச்சிக்கு மருந்து. கோழி ஒத்துக்காததுக்கு அதால என்ன செய்ய முடியும்?

இப்ப குட்டி திண்ணையிலதான் படுக்குது. சிவப்புத் துணியை அவிழ்த்தாச்சு. ஆனா தெருவுல பழக்கம் விடல. அத்தாச்சி மீன் தலையைக் கையில வச்சுக்கிட்டு, வாசல்லேருந்தே ஒரு குரல் கொடுப்பாங்க: “தம்பி, இது மீன்தான், கோழி இல்ல. போடவா?”