"தண்டவாளம் எங்கே மேடம்?" - குல்மார்க் சரிவில் நான்கு நாள்கள்

எனக்கு ஸ்கீயிங் தெரியும் என்று இரண்டு வருடங்களாக ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி பொய் என்று பிப்ரவரி மாதக் காலை ஒன்றில், குல்மார்க்கில் தெரிந்தது.

சரிவில் இறங்கி, ஸ்டைலாக நின்று, திரும்பிப் பார்த்தேன். என் பயிற்சியாளர் என்னைப் பார்க்கவில்லை. பனியில் நான் விட்டுவந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பத்தால் பெருக்கிய வாசல் மாதிரி, ஒவ்வொரு வளைவிலும் விசிறி விசிறியாகப் பனி ஒதுங்கிக் கிடந்தது. "தண்டவாளம் எங்கே மேடம்?" என்றார் இந்தியில்.

முதலில் ஒரு விளக்கம். ஸ்கீயிங் கற்பவர்கள் தொடங்குவது, இரண்டு பலகைகளின் முனைகளையும் 'V'யைக் கவிழ்த்தது போலச் சேர்த்துவைத்து வேகத்தைக் குறைப்பதில். அடுத்து, கால்களை இணையாக வைத்துத் திரும்புவது. பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறோம். கீழே வந்து சேர்ந்துவிடுவோம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையின் பின்பகுதியைத் தள்ளி, பனியைச் சுரண்டி, பிரேக் அடித்துக்கொண்டேதான் வருவோம்.

கார்விங் என்பது அந்தப் பிரேக்கை விடுவது. ஸ்கீ பலகையை மேலிருந்து பாருங்கள். முன்னும் பின்னும் அகலம், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுக்கம். அடியில் இரு ஓரமும் ஸ்டீல் விளிம்பு. பலகையைச் சாய்த்து அந்த விளிம்பில் எடையை ஏற்றினால், பலகை வில்லாக வளையும். அந்த வளைவிலேயே தானாகத் திரும்பும். பனி சிதறாது, 'கர்ர்' சத்தம் கிடையாது. பின்னால் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் விழும். அதுதான் அவர் கேட்ட தண்டவாளம். இடுப்பு நன்றாக ஒடுங்கிய இந்த வகைப் பலகைகள் 1990களில்தான் பரவலாயின. அதற்கு முன் நீளமான, ஏறக்குறைய நேரான பலகைகளில் இதைச் செய்வது தேர்ந்த கால்களுக்கே சாத்தியம்.

சரி, பிரேக்கை விடலாம். ஆனால் போன முறை வந்தபோது விழுந்து, முழங்காலில் பட்டை போட்டு ஆறு வாரம் வீட்டிலிருந்து வேலை பார்த்தவள் நான். இந்த முறை கிளம்பும்போது அம்மா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. "காசு கொடுத்துக் காலை உடைச்சுக்கப் போறியா?" என்பதுதான் கடைசியாகக் கேட்டது. இன்னொரு முறை விழுந்தால் ஸ்கீயிங்கே வேண்டாம் என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். டங்மார்க் தாண்டியதும் தேவதாரு மரங்களுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து ஏறும். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா கேபிள் கார் முதல் கட்டமாகக் கொங்தூரிக்கும், இரண்டாம் கட்டமாக அஃபர்வத் மலைத்தோளில் 3,900 மீட்டருக்கு மேலேயும் கொண்டுபோகிறது. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

உலகெங்கிலுமிருந்து இங்கே வருபவர்கள் தேடுவது அஃபர்வத்தின் பஞ்சுப் பனியை. அங்கே அழகும் உண்டு, ஆபத்தும் உண்டு. 2023 பிப்ரவரியில் அங்கே நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். கார்விங் பழக அந்தப் பனி உதவாது. இயந்திரத்தால் அழுத்திச் சீராக்கிய, அதிகம் செங்குத்தில்லாத சரிவு வேண்டும். குல்மார்க்கில் அப்படிப்பட்டவை குறைவுதான். எங்களுக்குக் கொங்தூரிப் பக்கம் ஒன்று கிடைத்தது.

பயிற்சியாளருக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் 'பாய்ஜான்' என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாள் முழுக்க ஒரே ஒரு பயிற்சி. சரிவின் குறுக்கே போக வேண்டும். இரு பலகைகளையும் மலைப்பக்கம் சாய்த்துவிட்டு, எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். அந்த 'எதுவும் செய்யாமல்' இருப்பதுதான் கஷ்டம். பலகை வேகமெடுக்கும், கால் தன்னால் பிரேக் போடும், மறுபடி விசிறி. ஏழெட்டு முறை கழித்து ஒருமுறை விட்டுவிட்டேன். பலகை வளைந்தது, திரும்பியது, கொஞ்சம் மேடேறியது, தானாகவே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருப்பத்தைக் கடைசிவரை முடிக்கவிட்டால் மலையே வேகத்தைக் குறைத்துக்கொடுக்கும் என்பதை யாரும் அதுவரை எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் வீண். வாடகைப் பலகையின் விளிம்பு மழுங்கிப்போயிருந்தது. காலையில் இறுகிக் கிடந்த பனியில் பிடிப்பே இல்லை. தப்பு என்னுடையது என்று மதியம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாய்ஜான் நகத்தை விளிம்பில் உரசிப் பார்த்தார்; நகம் சீவப்படவில்லை. "இதில் ரொட்டிகூட வெட்ட முடியாது" என்றார். வாடகைக்கு எடுக்கும்போதே இப்படிப் பார்த்து வாங்குங்கள்.

மதியம் கவா குடித்துக்கொண்டே 2024 ஜனவரி பற்றிச் சொன்னார். அந்த மாதம் பெரும்பகுதி குல்மார்க்கில் பனியே இல்லை. 'சில்லை கலான்' எனப்படும் நாற்பது நாள் கடுங்குளிரில்தான் சீசனே நிற்கிறது. காய்ந்த புல்வெளியில் பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். "நீங்கள் அடுத்த வருடம் வரலாம். எனக்கு அந்த வருடம் திரும்ப வராது" என்றார். பக்கத்து ஊர்ப் பையன் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போன கதை வந்ததும்தான் முகம் மலர்ந்தது. இந்தியாவிலிருந்து அங்கே போன ஒரே வீரர் அவர்.

மூன்றாம் நாள் திருத்தமெல்லாம் உடம்புக்கு. எடை எப்போதும் வளைவின் வெளிப்பக்கக் காலில். கணைக்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்தியபடி இருக்க வேண்டும். பயந்தால் நாம் பின்னால் சாய்வோம்; சாய்ந்தால் பலகையின் முனை பிடிப்பை இழக்கும். தோளைத் திருப்பவே கூடாது. என் தோள் நன்றாகத் திரும்பியது. இரண்டு முறை விழுந்தேன், முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை. நீலவானம், நேற்றிரவு சீராக்கிய சரிவு, எங்களுக்கு முன்னால் யாரும் இறங்கவில்லை. முதல் வளைவு, சத்தமில்லை. இரண்டாவது. வெளிக்கால் தொடை எரிந்தது, காதில் காற்று மட்டும். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில் வேகம் பார்த்துப் பயந்து பழையபடி பிரேக் அடித்தேன்.

நின்று திரும்பிப் பார்த்தேன். மேலிருந்து இரட்டைக் கோடுகள் நெளிந்து இறங்கி, கடைசியில் ஒரு விசிறியில் முடிந்திருந்தன. பாய்ஜான் கையுறைக் கையால் எண்ணினார்.

"நாலு" என்றார். "லிஃப்டில் கூட்டம் சேரும் முன்னால் இன்னொரு ரவுண்டு போகலாம், வாங்க."

போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, அவர் பின்னால் போனேன்.