ஒரு டயரா, நாலு டயரா?

மான்ட்ரியால் நகரத்துச் சாலைப் பள்ளங்கள் கனடா முழுக்கப் பிரசித்தம். அக்டோபர் மாதத்து மழை இரவொன்றில், தண்ணீர் நிறைந்து கிடந்த அப்படி ஒரு பள்ளத்தில் ஒரு மாணவரின் பழைய சுபாரு கார் இறங்கி ஏறியது. காலையில் பார்த்தால் பின் டயர் ஒன்றின் பக்கச்சுவர் கிழிந்திருந்தது. பக்கச்சுவரில் ஒட்டுப் போட முடியாது. சரி, ஒரு டயர்தானே என்று கடைக்குப் போனார். கடைக்காரர் மற்ற மூன்றையும் அளந்து பார்த்துவிட்டு, நாலையும் மாற்றச் சொன்னார்.

ஒரு டயர் 180 டாலர். நாலு என்றால் 720. படித்துக்கொண்டே பகுதி நேர வேலையும் பார்க்கிறவருக்கு அது பெரிய தொகை. கடைக்காரர் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. யாருக்குத்தான் தோன்றாது?

விஷயம் அப்படியில்லை. அந்தக் கார் ஆல் வீல் டிரைவ்... அதாவது எஞ்சினின் சக்தி நாலு சக்கரங்களுக்கும் போகும் வண்டி.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். புது டயரில் ரப்பர் பட்டைகளின் ஆழம் சுமார் 8 மி.மீ. அவருடைய பழைய டயர்களில் மீதி இருந்தது 5 மி.மீ. மூன்று மி.மீ. வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஆனால் விட்டத்தில் அது 6 மி.மீ. ஆகிறது, சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மி.மீ. ஆகிறது. சுபாரு நிறுவனம் அனுமதிப்பதோ கால் அங்குலம், அதாவது 6.4 மி.மீ. தான்! மூன்று மடங்கு தாண்டிவிட்டது. மான்ட்ரியாலிலிருந்து கியூபெக் நகரத்துக்குச் சுமார் 250 கி.மீ. அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் தேய்ந்த டயர் புது டயரை விட ஆயிரம் சுற்றுக்கு மேல் அதிகமாகச் சுற்றியிருக்கும்.

சுற்றினால் என்ன? சாதாரணக் காரில் ஒன்றும் பெரிதாக ஆகாது. ஆல் வீல் டிரைவில் முன் அச்சையும் பின் அச்சையும் நடுவில் ஒரு பாகம் இணைக்கிறது. சுபாருவின் பழைய மேனுவல் கியர் வண்டிகளில் அதற்குள் கெட்டியான சிலிக்கான் திரவம் இருக்கும். ஆட்டோமேடிக் வண்டிகளில் கிளட்ச் தகடுகள் இருக்கும். திருப்பத்திலும் வழுக்கலிலும் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது சமாளிப்பதுதான் அதன் வேலை. கொஞ்ச நேர வேலை. டயர் அளவு மாறினால் நேர் சாலையில் கூட அதற்கு ஓய்வே கிடையாது. சூடாகும், தேயும். பிறகு பார்க்கிங்கில் வண்டியை மெதுவாக ஒடித்துத் திருப்பும்போது யாரோ பிடித்து இழுப்பது போல வெட்டி வெட்டி நகரும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் நாலு டயர் விலை அடங்கிவிடும்.

அப்படியானால் ஒன்றுக்குப் பதில் பின்பக்கம் இரண்டையும் மாற்றிவிட்டால்? மாணவரும் இதைத்தான் கேட்டார். முன் சக்கர டிரைவ் காருக்கு இது நல்ல யோசனை. இங்கே இன்னும் மோசம். ஒரு டயர் மட்டும் மாறினால் வித்தியாசத்தில் பாதிதான் நடுப் பாகத்துக்குப் போகும். ஒரு அச்சில் இரண்டும் மாறினால் முழு வித்தியாசமும் அதன் தலையில்தான்.

இன்னொரு வழி உண்டு. புது டயரின் ரப்பரைச் சீவி, பழையவற்றின் ஆழத்துக்குக் கொண்டுவந்து தரும் கடைகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய புது டயரைச் சீவுவதா என்று மனசு கேட்காது. ஆனால் மற்ற மூன்றும் நல்ல நிலையில் இருந்தால் இதுதான் சிக்கனம்.

அதையே செய்துவிடலாம் என்று அவர் கிளம்பியபோதுதான் தேதி ஞாபகம் வந்தது. கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் சட்டம் 2008-ல் வந்தது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஆல் வீல் டிரைவுக்கு விதிவிலக்கு கிடையாது. அவர் கோடையில் வாங்கிய காரோடு குளிர்கால டயர் வரவில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குப் பனி என்ன செய்யும் என்று அலட்சியமாக இருந்துவிட்டார்.

அந்த அலட்சியம்தான் ஆபத்து. ஆல் வீல் டிரைவ் பனியில் கிளம்ப உதவும், மேடு ஏற உதவும். நிற்க உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்துவது ரோட்டைத் தொடுகிற உள்ளங்கை அளவு ரப்பர்தான். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும். குளிர்கால ரப்பர் அப்போதும் மெத்தென்றே இருக்கும். இதில் சுலபமாகக் கிளம்பும் வண்டிதான் ஓட்டுகிறவரை அதிகம் ஏமாற்றுகிறது.

ஆக, டிசம்பருக்குள் எப்படியும் நாலு டயர் வாங்கியே ஆக வேண்டும். அவர் அன்றே நாலு குளிர்கால டயர் வாங்கினார், தவணையில். வாங்குமுன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் இருக்கிறதா? 2014 டிசம்பரிலிருந்து இந்தச் சின்னம் வேண்டும், வெறும் 'எம் பிளஸ் எஸ்' எழுத்து போதாது. நாலும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே அளவா? எடை எண் கார்க் கதவருகே ஒட்டியிருப்பதற்குக் குறையாமல் இருக்கிறதா? கடைசி நாலு இலக்கம் என்ன? 3523 என்றால் 2023-ம் வருடத்து 35-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம்.

பழைய மூன்றும் இப்போது கட்டிலுக்கடியில் இருக்கின்றன. வசந்தம் வந்ததும் சீவிய டயர் ஒன்று அவற்றோடு சேரும். இனி பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை முன்னதைப் பின்னதாக மாற்றிப் போடுவதாகத் திட்டம். நாலும் ஒன்றாகத் தேய வேண்டுமே!

ஆல் வீல் டிரைவ் வாங்குகிறவர்கள் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது. அந்த வண்டிக்கு டயர் என்பது நாலு பொருள் அல்ல, ஒரே பொருள்.